தியோங் பாரு 78ஆம் புளோக்கின் கீழே

சிங்கப்பூரில் தியோங் பாரு சந்தைக்கு மீன் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைச் சுற்றித்தான் கார் நிறுத்த இடம் தேடுவேன். குவான் சுவான் தெருவுக்கும் மோ குவான் டெரசுக்கும் நடுவில் குதிரைலாடம் மாதிரி வளைந்து நிற்கிற 78ஆம் புளோக். வெள்ளைச் சுவர், மூலைகள் கூர்மையாக முடியாமல் உருண்டு திரும்பும், உயரம் அதிகமில்லை, பின்பக்கம் சுற்றுப் படிக்கட்டு. அழகான பழைய கட்டடம், அவ்வளவுதான் என்று பல வருடம் நினைத்திருந்தேன். அதன் அடித்தளத்தில் இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டிய ஒரு பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சு நேரத்தில் மக்கள் பதுங்கும் இடம், அப்படியே இருக்கிறது என்பது 2012இல்தான் எனக்குத் தெரிந்தது. ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழ்ந்து 70 வருடம் ஆனதையொட்டி தேசிய மரபுடைமைக் கழகம் அந்த பிப்ரவரியில் முதல் தடவையாகப் பொதுமக்களை உள்ளே அழைத்துப் போனது. பத்திரிகையில் பார்த்துவிட்டு நான் பதிவு செய்யப் போவதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அப்புறம் சில வருடம் கழித்து மறுபடியும் ஒரு சுற்றுலா வந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எனக்கு இதில் இவ்வளவு ஈடுபாடு வரக் காரணம் என் பாட்டி. அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், குடும்பம் தஞ்சோங் பகாரில் கூலி லைனில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பாட்டிக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். சின்ன வயதில் நாங்கள் கதை கேட்டால் ராஜா ராணி கதை வராது, குண்டு போட்ட கதைதான் வரும். "சங்கு ஊதுனா ஓடணும்" என்று ஆரம்பிப்பார், அபாயச் சங்கைத்தான் சொல்வார். எங்கே ஓடுவீர்கள் என்று கேட்டால், "எங்க ஓடறது, லோங்காங்குக்குள்ளதான்" என்பார். ரோட்டோரத்துப் பெரிய சாக்கடை. மழைக்காலம் வேறு, முழங்கால் வரை தண்ணீர். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பாட்டியின் அம்மா தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வாராம். பிள்ளைகள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு, பல்லுக்கு நடுவில் முந்தானைத் துணியைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். சத்தத்தில் பல் மோதி நாக்கு அறுபடாமல் இருக்க. இதைச் சொல்லும்போது பாட்டி தன் சேலைத் தலைப்பைக் கடித்துக் காட்டுவார், அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் தியோங் பாருவில் ஒரு புளோக்குக்கு அடியில் முறையான பதுங்கிடம் இருந்தது என்று படித்ததும் முதலில் எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை. ஒரு மாதிரி கோபம். யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்ற கேள்வி. அதைத்தான் இத்தனை வருடமாகக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

சரி, இடத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். தியோங் என்றால் ஹொக்கியனில் இடுகாடு, பாரு என்றால் மலாயில் புதிது. புது இடுகாடு. பழைய கல்லறைகளும் சதுப்பும் அத்தாப்புக் குடிசைகளுமாக இருந்த நிலத்தை எடுத்து, கல்லறைகளை மாற்றி, சதுப்பை நிரப்பி, சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்கிற எஸ்ஐடி அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டியது. 1927இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்புதான் நம் வீவகவுக்கு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு, முன்னோடி. 1960இல் வீவக வந்ததும் எஸ்ஐடியின் வீட்டு வேலையெல்லாம் அதற்கு மாறிவிட்டது. தியோங் பாருவின் முதல் புளோக் 1936 டிசம்பரில் முடிந்தது. 1941க்குள் 784 வீடுகள், 33 கடைகள், ஆறாயிரம் பேருக்கு மேல் குடியிருப்பு. சைனாடவுனில் ஒரே அறையைப் பலகை வைத்துத் தடுத்து நாலைந்து குடும்பம் வாழ்ந்த காலத்தில், தனிச் சமையலறை, கழிவறை, நடுவில் வெளிச்சமும் காற்றும் வர ஒரு திறந்த முற்றம் என்று வீடு கட்டியிருக்கிறார்கள். வாடகை கொடுக்க முடிந்தவர்களுக்குத்தான். கூலி லைனில் இருந்தவர்கள் அங்கே போவதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

போருக்கு முந்தைய புளோக்குகளை வரைந்தவர் எஸ்ஐடியின் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் ஜி. சர்ச். அந்தக் காலத்துக் கப்பல், கார், விமானம் மாதிரி வழவழவென்று நீளக் கோடுகளாக இருக்கும் ஸ்ட்ரீம்லைன் மாடர்ன் பாணி. அக்கம்பக்கத்துச் சீனர்கள் இந்த வீடுகளை 'விமான வீடு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். விமான வீடு என்ற பெயருள்ள கட்டடத்துக்கு அடியிலேயே விமானத்துக்குப் பயந்து ஒளிய ஓர் இடம். இதை முதலில் கேட்டபோது என் உடம்பு சிலிர்த்தது.

குதிரைலாட புளோக்கின் அடித்தளப் பதுங்கிடம் 1939இல் கட்டப்பட்டது. அளவு சுமார் 1,500 சதுர மீட்டர். இன்றைய நாலறை வீடு ஒன்று 90 சதுர மீட்டர் என்று வைத்தால் பதினாறு, பதினேழு வீட்டை ஒரே தளத்தில் பரப்பின மாதிரி. ஆனால் அளவைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொன்று. அந்த இடத்தைப் பதுங்கிடமாக மட்டும் திட்டமிடவில்லை. போர் வந்தால் பதுங்க, வராவிட்டால் பிள்ளைகள் மழையிலும் வெயிலிலும் விளையாட, கூரை போட்ட விளையாட்டுத் திடல். சிங்கப்பூரில் அப்படிப்பட்ட கூரையுள்ள திடல் முதலில் வந்தது அங்கேதான். ஒரே தரை. ஒரு நாள் கோலி விளையாடுகிற இடம், இன்னொரு நாள் துணியைக் கடித்துக்கொண்டு உட்காருகிற இடம்.

உள்ளே போனது ஒரு சனிக்கிழமை காலை. இருபது பேர் இருப்போம். அழைத்துப் போனவர் அந்த வட்டாரத்திலேயே வளர்ந்த ஒரு சீனப் பெரியவர், தொண்டூழியர். பூட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார், உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள் என்று. உண்மைதான், ஒன்றும் இல்லை. பொம்மை இல்லை, தகவல் பலகை இல்லை, ஒலி ஒளி எதுவும் இல்லை. பூசாத செங்கல் சுவர், தாழ்ந்த கான்கிரீட் கூரை, ஒரு தடுப்புச் சுவருக்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இருட்டு. வெளியே பத்து மணி வெயில் கொளுத்துகிறது, உள்ளே கைவிளக்கு இல்லாமல் காலடி தெரியவில்லை. பழைய செங்கல்லும் ஈரமும் கலந்த ஒரு வாசம். இருபது பேர் நின்றதற்கே ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஏன் இத்தனை குறுக்குச் சுவர் என்று ஒருவர் கேட்டார். பெரிய ஒரே கூடமாக விட்டால், குண்டு ஏதாவது ஒரு மூலையில் உள்ளே புகுந்து வெடித்தாலும் அதன் அழுத்தம் கூடம் முழுக்கப் பரவி எல்லாரையும் கொன்றுவிடும். அறை அறையாகத் தடுத்துவிட்டால் சேதம் அந்த அறையோடு நிற்க வாய்ப்பு உண்டு. கூரையின் கனமும் சுவரின் கனமும் சிதறல்களையும் அதிர்ச்சியையும் தாங்கத்தான், நேராகத் தலைமேல் பெரிய குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள், அப்போது அவளுக்கு எட்டு வயது, என் கையை இழுத்து, "அம்மா, பாத்ரூம் எங்க இருந்துச்சு?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றுக்கணக்கான பேர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் அந்த இருட்டில். கேட்க வேண்டிய கேள்வியை அவள்தான் கேட்டாள்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் மேல் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 8 விடியற்காலை, நாலு மணிக்கு மேல். 17 ஜப்பானிய விமானங்கள் இந்தோசீனாவிலிருந்து வந்தன. கீழே தெருவிளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன, ஊரையே வெளிச்சம் போட்டுக் காட்டின மாதிரி. ராஃபிள்ஸ் பிளேஸிலும் சைனாடவுனிலும் குண்டு விழுந்தது. 61 பேர் செத்தார்கள், 700 பேருக்கு மேல் காயம். பலர் தூக்கத்திலேயே. ஏதோ பயிற்சி நடக்கிறது என்று நினைத்து வெளியே வந்து வானத்தைப் பார்த்தவர்களும் உண்டு. பாட்டி வீட்டிலும் அப்படித்தான், அவருடைய அப்பா வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

அதற்கு முன்பே பதுங்கிடம் கட்ட நேரம் இருந்தது. ஐரோப்பாவில் 1939இலேயே போர் தொடங்கிவிட்டது, லண்டனில் 1940இல் ஜனங்கள் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துத் தூங்கினார்கள், அந்தச் செய்தியெல்லாம் இங்கே வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இங்கிருந்த காலனி அரசாங்கம் சொன்ன காரணம், சிங்கப்பூர் தாழ்வான நிலம், தோண்டினால் தண்ணீர் ஊறும், பதுங்குகுழி வெட்டினால் கொசு வளரும் என்பது. தண்ணீர் ஊறுவது பொய்யில்லை. ஆனால் தோண்டாமலே கட்ட முடியாதா? சதுப்பை நிரப்பிய நிலத்தின் மேலேயே எஸ்ஐடி ஒரு புளோக்கின் அடித்தளத்தை அப்படிக் கட்டிக் காட்டியிருக்கிறதே. 1939இல் ஓர் இடத்தில் முடிந்தது 1940இலும் 1941இலும் இன்னும் ஐம்பது இடத்தில் முடிந்திருக்காதா? இந்தக் கேள்விக்கு நான் எங்கேயும் நல்ல பதில் பார்க்கவில்லை. மலாயாப் படையின் தலைமைப் பொறியாளராக இருந்த ஐவன் சிம்சனைக் குடிமைத் தற்காப்புக்குத் தலைவராகப் போட்டதே 1941 டிசம்பர் கடைசியில்தான். அப்போது எதிரி மலாயாவில் பாதி தூரம் இறங்கி வந்தாகிவிட்டது. ஜனவரியில் ஏறக்குறைய தினமும் குண்டு. மலாயாவிலிருந்து தப்பி வந்தவர்களையும் சேர்த்துத் தீவில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் அடைபட்டுக் கிடந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 சதுர மீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு ஒருவர் என்று நெருக்கி உட்கார வைத்தாலும் ஆயிரத்தைந்நூறு பேர். தியோங் பாருக்காரர்களுக்கே போதாது.

சுற்றுலா முடிந்து ஒரு மாதம் இது மனதை விட்டுப் போகவில்லை. கடைசியில் ஒரு விடுமுறை நாள் காலை ஏழு மணிக்கு ஸ்பாட்டிஸ்வுட் பார்க் பக்கம், பாட்டி குடும்பம் இருந்த லைன் அங்கேதான் எங்கேயோ, இப்போது அடையாளமே இல்லை, அங்கே போய் நின்று கைப்பேசியில் நேரம் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். கம்போங் பாரு சாலை, பொது மருத்துவமனை, ஊட்ரம் ரோடு, அப்புறம் தியோங் பாரு. மருத்துவமனை வளாகத்தில் கொஞ்சம் நின்றேன். 1942 பிப்ரவரி 14, அதாவது சரணடைவதற்கு முந்தின நாள், பீரங்கிக் குண்டுக்குப் பலியான ஒரு மருத்துவ மாணவனை அவன் நண்பர்கள் அங்கே அடக்கம் செய்துகொண்டிருந்தபோது அவர்கள் மேலும் குண்டு விழுந்தது. மொத்தம் 11 மாணவர்கள். அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிற அவசரத்தில் நம்மில் பலர் பார்த்திருக்கமாட்டோம், அடுத்த முறை போனால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

அங்கே நின்ற நேரத்தைக் கழித்துவிட்டால், 78ஆம் புளோக் வாசலுக்கு வந்து சேர எனக்கு 26 நிமிடம் ஆனது. பத்து வயதுப் பிள்ளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடலாமோ என்னவோ. சங்கு ஊதியதற்கும் விமானச் சத்தம் கேட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கும் என்று பாட்டியிடம் நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "அடுப்ப அணைக்கிற நேரம்" என்றார்.

அந்தப் பதுங்கிடத்தின் மேல் எனக்கு வந்த கோபம் அந்த நடையில் ஓரளவு இறங்கியது. அதைக் கட்டினவர்கள் செய்தது நல்ல காரியம். முடியாது என்று அரசாங்கம் சொன்ன காலத்தில் ஒரு வீட்டு வசதி நிறுவனம் தன் குடித்தனக்காரர்களுக்காகச் செய்தது. அது போல இன்னும் நிறைய வராமல் போனதுதான் வலிக்கிறது.

இன்றைக்கு நிலைமை வேறு. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்படும் வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கிறது, சட்டமே இருக்கிறது அதற்கு. கனமான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, காற்றுக்கு இரண்டு துளை, கதவுக்குப் பின்னால் கழற்றக் கூடாத ஓர் அறிவிப்பு. நிலத்தடி எம்ஆர்டி ரயில் நிலையங்கள் பலவும் போர் வந்தால் பதுங்கிடமாகிற மாதிரிதான் கட்டப்பட்டிருக்கின்றன. என் வீட்டு ஷெல்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அரிசி மூட்டை, பயணப்பெட்டிகள், பொங்கல் பானை, தீபாவளி விளக்குகள். உங்கள் வீட்டிலும் அதேதான் இருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, விளையாட்டுத் திடலாக இருந்த பதுங்கிடம் மாதிரி இதுவும் அமைதிக் காலத்தில் வேறு வேலை பார்க்கிறது. ஆனால் வீட்டுக்கு ஸ்டோர் ரூம் சின்னதாக இருக்கிறது, சுவரை இடிக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று யாராவது குறைப்படும்போது எனக்கு லோங்காங்கில் தம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த அந்தக் கொள்ளுப்பாட்டிதான் ஞாபகத்துக்கு வருவார். நான் பார்த்ததே இல்லை அவரை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தியோங் பாருவில் போருக்கு முந்தைய 20 புளோக்குகளை 2003இல் பாதுகாக்கப்படும் கட்டடங்களாக அறிவித்துவிட்டார்கள், அதனால் இடிபடும் பயம் இல்லை. வட்டாரம் முழுக்கக் காப்பிக் கடையும் ரொட்டிக் கடையும் புதிது புதிதாக வருகின்றன, அது ஒரு பக்கம் நடக்கட்டும். அந்த அடித்தளத்தை மட்டும் யாரும் அழகுபடுத்திவிடக் கூடாது என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். விளக்குப் போட்டு, குண்டுச் சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டு, கதவோரம் நினைவுப்பொருள் விற்கும் மேசை போட்டு, அப்படியெல்லாம் வேண்டாம். வெறும் செங்கல், இருட்டு, அந்தப் புழுக்கம், அது போதும். வருடத்தில் இன்னும் கொஞ்சம் அதிக நாள் திறந்துவிட்டால் நல்லது. பள்ளிப் பிள்ளைகளை முப்பது முப்பது பேராக அழைத்துப் போய், விளக்கை அணைத்து, இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார வைத்தால் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாததை அந்தச் சுவர் சொல்லிவிடும்.

ஒவ்வொரு பிப்ரவரி 15ஆம் தேதியும் சாயங்காலம் 6.20க்குத் தீவு முழுக்க சங்கு ஊதும், 1942இல் சரணடைந்த அதே நேரம். போன வருடம் அந்த நேரத்துக்கு மகளோடு குவான் சுவான் தெருவில் இருந்தேன். அவளுக்கு இப்போது பதினாறு வயது. மேல்மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள், சங்கு ஊத ஆரம்பித்ததும் ஒரு கணம் கையை நிறுத்தி வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் காயப்போட்டார்கள். பூட்டியிருந்த கதவுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அது ஓயும்வரை நின்றோம். "அடுப்ப அணைக்கிற நேரம்னு சொன்னாங்கல்ல பாட்டி," என்றாள் மகள். நேரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது.